பல்லைப் பிடுங்கினால் வரிக் கழிவு உண்டு, காப்பாற்றினால் இல்லை: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

மலேசிய நிதி அமைச்சில் வரவு செலவுத் திட்டம் வரைபவர்களுக்கும், 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 46-ஆவது பிரிவில் கை வைக்கும் அதிகாரம் உள்ளவர்களுக்கும்,

வணக்கம்.

சுங்கை சிப்புட் பட்டணத்துக்கு வெளியே ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தின் ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் அதே தோட்டத்தில் பால் மரம் (ரப்பர்) சீவியவர்கள். பால் மரம் போய்ச் செம்பனை வந்தது, லயத்து வரிசை வீடு போய்த் தாமான் என்ற குடியிருப்பு வந்தது, நான் மட்டும் அதே மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் பிறந்தால் எனக்கு இரண்டாவது வேலை ஒன்று தானாக வந்து சேரும். "கிராணியக்கா, இன்கம் டேக்ஸ் பாரம் கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்" என்று வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். வருகிறவர்கள் தோட்டத்து வேலையாட்கள் இல்லை. அவர்களின் பிள்ளைகள். ஈப்போ தொழிற்சாலையில் டெக்னிஷியன், தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தாதி, செம்பனை ஆலையில் பாய்லர் பார்க்கிறவர். காகிதப் பாரம் என்றால் ஏப்ரல் 30, கணினி வழி என்றால் மே 15 வரை நேரம் உண்டு. எல்லாரும் வருவது என்னவோ கடைசி வாரத்தில்தான். ஒரு வருடத்து ரசீதை மைலோ டின்னிலோ, பிஸ்கட் டின்னிலோ, நாட்காட்டிக்குப் பின்னால் சொருகியோ வைத்திருந்து மேசையில் கொட்டுவார்கள். அதில் மருந்துக் கடை ரசீது இருக்கும், டயர் மாற்றிய ரசீது இருக்கும், கோயில் அர்ச்சனைச் சீட்டு கூட இருக்கும்.

கொட்டியதும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "ஆயிரம் வெள்ளி பல்லுக்குச் செலவு பண்ணேன்க்கா, ஆயிரமும் திரும்ப வருமா?"

வராது. இதைப் புரியவைப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். கழிவு என்பது வரியில் கழிப்பது இல்லை, வரி போடும் வருமானத்தில் கழிப்பது. மாதம் 4,000 வெள்ளி (ரிங்கிட்) வாங்கும் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 48,000. தனிநபர் கழிவு 9,000, சேமநிதிக்கு 4,000 போனால் மிச்சம் 35,000. அந்த இடத்தில் வரி 3 விழுக்காடு. அதனால் 1,000 வெள்ளி பல் ரசீது அந்தப் பிள்ளைக்குத் தருவது 30 வெள்ளி. இதே நாற்காலியில், இதே பல் வைத்தியரிடம், மாதம் 8,000 வெள்ளி வாங்குகிறவர் உட்கார்ந்து எழுந்தால் அவருக்கு 190 வெள்ளி மிச்சம், ஏனென்றால் அவர் நிற்பது 19 விழுக்காட்டுப் படியில். தோட்டத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வாங்குகிற அக்காவுக்கு வரியே கிடையாது, அதனால் அவர் பல்லைப் பிடுங்கினாலும் கட்டினாலும் ஒரு சென்னும் இல்லை. சம்பளம் ஏற ஏற ஒரே பல்லுக்கு விலையும் ஏறுகிறது. வரிக் கழிவு என்றாலே எந்த நாட்டிலும் இப்படித்தான் என்பீர்கள். சரி, இருக்கட்டும்.

நான் குறை மட்டும் சொல்ல உட்காரவில்லை. 2024 மதிப்பீட்டு ஆண்டு முதல் தனக்கும், துணைக்கும், பிள்ளைக்கும் பல் பரிசோதனை, பல் சிகிச்சைச் செலவை 1,000 வெள்ளி வரை காட்டலாம் என்று கொண்டுவந்தீர்கள். வைத்தியர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வருடம் என் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பெண், ஈப்போவில் வேலை. எல்லாவற்றையும் கழித்த பிறகு கணக்கு 35,080 வெள்ளியில் வந்து நின்றது. 35,000 வரைக்கும் 400 வெள்ளி வரித் தள்ளுபடி உண்டு, தாண்டிவிட்டால் கிடையாது. கட்ட வேண்டியது 604 வெள்ளி 80 சென். அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. "பல்லுக்குப் போனியா?" என்று கேட்டேன். கைப்பையின் அடியில், மிட்டாய்த் தாளோடு ஒட்டிக்கொண்டு ஒரு ரசீது கிடந்தது. பல் சுத்தம் செய்தது, 120 வெள்ளி. அதைப் போட்டதும் கணக்கு 34,960-க்கு இறங்கியது, தள்ளுபடியும் வந்து சேர்ந்தது. கட்டியது 198 வெள்ளி 80 சென். 120 வெள்ளி ரசீது 406 வெள்ளியைக் காப்பாற்றியது. அதற்கு அப்புறம் எங்கள் தாமானில் பல் வைத்தியர் ரசீதுக்கு வந்த மரியாதையே தனி.

இப்போது என் அம்மாவின் பல்லுக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு 81 வயது. நாலு மணிக்கு எழுந்து, தலையில் விளக்குக் கட்டி, வெற்றிலையை ஒரு பக்கம் அடக்கிக்கொண்டு மரத்துக்குப் போன தலைமுறை. பல் ஒவ்வொன்றாகப் போய், கீழ்த்தாடையில் மெல்லத் தகுந்தது இரண்டுதான் மிச்சம் இருந்தது. போன வருடம் அதில் ஒன்றுக்கு வலி. இரவெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வைத்தியர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார். பிடுங்கிவிடலாம், செலவு குறைவு. அல்லது ரூட் கெனால் செய்து பல்லை நிறுத்திவைக்கலாம், அந்தப் பல் இருந்தால் பல்செட்டின் கொக்கி பிடிப்பதற்கு ஒரு தூண் கிடைக்கும். இல்லையென்றால் செட் வாயில் நிற்காது, பேசும்போது ஆடும், சோறு அடியில் போய்ச் சிக்கும். என் தம்பி விளையாட்டாகச் சொன்னான்: "பிடுங்கிடுக்கா, வரியில காட்டலாம்." அப்போது எனக்கு அது புரியவில்லை.

ரூட் கெனால் செய்தோம். பல்செட்டும் கட்டினோம். அம்மா முதல் நாள் கேட்டது முறுக்கு. தரவில்லை, இரண்டாம் வாரம் தந்தோம். கடித்த சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது.

அப்புறம் பாரத்தின் விளக்கக் குறிப்பைத் திறந்தேன். பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 8,000 வெள்ளி வரை கழிவு. பல்லும் அதில் உண்டு. எந்தப் பல் வேலை? பிடுங்குவது, அடைப்பது, கல் எடுத்துச் சுத்தம் செய்வது. எது இல்லை? அழகுக்காகச் செய்யும் பல் சிகிச்சை. அதற்கு நீங்கள் கொடுத்திருக்கும் உதாரணங்கள் மூன்று: கிரவுன் (பல்லுக்கு மேல் போடும் உறை), ரூட் கெனால், பல்செட்.

அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன். அழகுக்கு. என் அம்மா கண்ணாடி பார்ப்பதே தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். பல்செட்டைக் கழற்றிச் சோற்றுக்கு மட்டும் மாட்டிக்கொள்வார். பேரன் கல்யாணத்துப் புகைப்படத்திலேயே வாய் பொக்கையாகத்தான் இருக்கிறது, "செட்டு தண்ணில கெடக்கு, விடு" என்றுவிட்டார். ரூட் கெனால் என்பது பல்லின் உள்ளே அழுகியதை வழித்தெடுத்து அடைக்கும் வேலை. வெளியே இருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்ன அழகு? வெள்ளையாக்குவதையும், சிரிப்புக்காக மேலே ஒட்டும் பளபளப்புத் தகட்டையும் தள்ளுங்கள், நியாயம். மெல்லுவதற்காகச் செய்வதை அந்தக் கூட்டத்தில் சேர்த்தது எப்படி என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

ஒன்றே ஒன்று என்றால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். என் மேசையில் ஒரு காலும் இருக்கிறது.

பாய்லர் பார்க்கிறவர் என்று சொன்னேனே, அவருக்கு 49 வயது. இனிப்பு நீர் (நீரிழிவு) வந்து பத்து வருடம். ஒருநாள் ஆலை வாசலில் குலை இறக்கும் இடத்தில் நடந்தபோது செம்பனை முள் ஒன்று செருப்பைத் தாண்டிக் குதிகாலில் ஏறிவிட்டது. எங்கள் பக்கம் முள் குத்துவதற்கு யாரும் கிளினிக் போவதில்லை, ஊசியால் நிமிண்டி எடுத்துவிட்டு மஞ்சள் வைப்பார்கள். ஆனால் அவருக்கு முள் குத்தியதே தெரியவில்லை. நரம்பு மரத்துப்போன கால். மூன்றாம் நாள் காலுறை ஒட்டிக்கொண்டபோதுதான் பார்த்தார். பழைய காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே டிரெசர் (மருத்துவ உதவியாளர்) இருந்தார், அவர் உட்காரவைத்து வெந்நீரில் கழுவி, திட்டிக்கொண்டே கட்டுப் போட்டிருப்பார். இப்போது அந்த அறை உரச் சாக்கு வைக்கும் இடம்.

அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிதானே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. 1 வெள்ளிதான். நாங்கள் அதை மறக்கவில்லை, அந்த 1 வெள்ளி இல்லையென்றால் எங்களில் பாதிப் பேர் இன்று இல்லை. ஆனால் ஆலையில் ஷிப்ட் வேலை. தினம் புண்ணைக் கழுவிக் கட்ட வேண்டும். காலை வரிசையில் நின்றால் அன்றைய சம்பளம் போகும். அதனால் ஷிப்ட் முடிந்து, திறந்திருக்கும் தனியார் கிளினிக்குக்குப் போனார். ஒரு தடவைக்கு 60, 70 வெள்ளி. புண்ணில் அழுத்தம் படாத செருப்பு தனி. இரண்டு மாதத்தில் ஒரு கத்தை ரசீது சேர்ந்தது.

ஏப்ரலில் அந்தக் கத்தை என் மேசைக்கு வந்தது. தனக்கோ, துணைக்கோ, பிள்ளைக்கோ கடும் நோய்க்கான சிகிச்சை என்றால் 10,000 வெள்ளி வரை கழிவு. கடும் நோய் எது என்று பட்டியல் இருக்கிறது: எய்ட்ஸ், பார்கின்சன், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, ரத்தப் புற்றுநோய், மாரடைப்பு, நாள்பட்ட கல்லீரல் நோய், மூளைக் கட்டி, பெரிய தீக்காயம், உறுப்பு மாற்று, கை கால் துண்டிப்பு, இன்னும் சில. விரலை வைத்துக்கொண்டே கீழே வரை போனேன். இனிப்பு நீர் இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். 'துண்டிப்பு' என்ற இடத்தில் விரல் நின்றதைப் பார்த்து, "அது நமக்கு வேணாம்க்கா" என்று சிரித்தார்.

அந்த வருடம் அக்டோபரில் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அடுத்த ஏப்ரலில் அவர் பெயர் பட்டியலுக்குள் வந்துவிட்டது. 10,000 வெள்ளி வரை காட்டலாம். ஆனால் காட்ட ஒன்றுமில்லை! வெட்டியது அரசாங்க மருத்துவமனையில், செலவு கொஞ்சம்தான். மாற்றுத் திறனாளி என்று பதிந்து செயற்கைக் கால் வாங்கினால் அதற்கு வேறொரு கழிவு, 6,000 வெள்ளி வரை. கால் இருக்கும்போது அதைக் கழுவிக் கட்டியதற்கு இல்லாத இடம், கால் போன பிறகு இரண்டு கட்டத்தில் இருக்கிறது. சிறுநீரகமும் அப்படித்தான். அது கெட்டு ரத்தம் சுத்திகரிக்க வாரம் மூன்று நாள் படுத்தால் கடும் நோய். அது கெடாமல் இருக்க வருடக்கணக்கில் வாங்கிய மாத்திரைக்கு இடமில்லை. நம் நாட்டில் சிறுநீரகம் கெடுவதற்கு முதல் காரணமே இனிப்பு நீர்தான் என்பது உங்கள் சகோதர அமைச்சுக்கு நன்றாகத் தெரியும்.

இதில் இன்னொரு வேடிக்கை. என் அம்மாவுக்கு இனிப்பு நீர் என்றால், வைத்தியர் சான்றோடு அந்தச் செலவை நான் பெற்றோர் கழிவில் காட்டலாம், அங்கே நோய்ப் பட்டியல் கிடையாது. எனக்கே இனிப்பு நீர் என்றால் காட்ட முடியாது. ஒரே வீடு, ஒரே மாத்திரை, குளிர்பெட்டியில் ஒரே தட்டு.

எங்கள் ஆட்களுக்கு இது வேறு யாரோ ஒருவருக்கு வரும் நோய் இல்லை. 2019-இல் நாடு முழுக்க எடுத்த சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 30 விழுக்காட்டுக்கும் மேல், எல்லா இனத்தையும் விட அதிகம். எங்கள் தாமானில் ஒரு வரிசைக்குப் பத்து வீடு. கதவைத் தட்டி எண்ணிப் பார்க்கத் தேவையே இல்லை. இனிப்புப் பானத்துக்கு 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென் தீர்வை போட்டு, பிறகு 50 ஆக்கி, அதற்கும் மேலே ஏற்றினீர்கள். சர்க்கரை என்ன செய்யும் என்று தெரிந்துதானே போட்டீர்கள்? வாங்கும் பக்கத்தில் தெரிந்தது கொடுக்கும் பக்கத்தில் ஏன் மறந்துபோகிறது?

நல்லது நடக்காமலும் இல்லை. 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வீட்டிலேயே உடம்பைக் கண்காணிக்கும் கருவிகளையும், கிளினிக்கில் செய்யும் நோய் கண்டறியும் சோதனைகளையும் முழு உடல் பரிசோதனைக்கான 1,000 வெள்ளிக் கழிவுக்குள் சேர்த்துவிட்டீர்கள். தாத்தா பாட்டியையும் பெற்றோர் கழிவில் கொண்டுவந்தீர்கள். தோட்டக் குடும்பங்களில் பாட்டி வளர்த்த பிள்ளைகள் எத்தனை என்று யாரோ யோசித்திருக்கிறார்கள், கும்பிடலாம். ஆக, நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்குக் கழிவு உண்டு. நோய் முற்றி உறுப்பு போனால் கழிவு உண்டு. இவை இரண்டுக்கும் நடுவில் இருபது வருடம் இருக்கிறதே, மனிதன் உழைப்பதும் வரி கட்டுவதும் அந்த இருபது வருடத்தில்தானே?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 10,000 என்ற உச்சவரம்பை ஏற்றச் சொல்லவில்லை. அதற்குள்ளேயே ஒரு சிறு அறை தடுத்துக் கொடுங்கள். தடுப்பூசிக்கும் பல்லுக்கும் தலா 1,000 ஒதுக்கியது போல, இனிப்பு நீர்க்காரரின் புண் பராமரிப்பு, விழித்திரைச் சிகிச்சை, காலைக் காக்கும் செருப்பு, இவற்றுக்குப் பதிவு பெற்ற வைத்தியர் எழுதிக் கொடுத்தால் செல்லும் என்று ஒரு வரி. பெற்றோர் பகுதியில், அழகு என்ற சொல்லுக்குப் பக்கத்திலிருந்து ரூட் கெனாலையும் பல்செட்டையும் தூக்கிவிடுங்கள். கிரவுன் வேண்டுமானால் அங்கேயே இருக்கட்டும், தங்கத்தில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பராமரிப்பாளர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். படுத்த படுக்கையாக இருக்கும் தாய்க்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்தால், சான்று இருந்தால், கழிவு. அதே வேலையை மனைவி செய்தால் இல்லை. ஏமாற்றுவார்கள் என்ற பயம், அது புரிகிறது. ஆனால் என் மேசைக்கு வரும் ஒருவரின் மனைவி, மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஈப்போ தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு நாலு வருடமாக வீட்டில் இருக்கிறார். அவர் விட்ட சம்பளம் எந்தப் பாரத்திலும் இல்லை. இதற்கு வழி என்ன என்று எனக்குத் தெரியாது, அதனால் யோசனை சொல்லவில்லை. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதற்காக எழுதினேன்.

வரியே கட்டாத தோட்டத்து வேலையாட்களைப் பற்றி: கழிவு என்ற கதவு அவர்களுக்குத் திறக்காது, எவ்வளவு எண்ணெய் போட்டாலும். 40 வயதைத் தாண்டிய உதவித்தொகைக் குடும்பங்களுக்கு பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை செய்கிறீர்கள். அந்தப் பரிசோதனையில் இனிப்பு நீர் என்று தெரிந்த பிறகு காலுக்கும் பல்லுக்கும் ஏதாவது செய்ய முடியுமா என்று அந்தப் பக்கம் பாருங்கள். ஈறு அழுகினால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் ஈறு அழுகும். வாய்க்கும் காலுக்கும் நடுவில் ஓடுவது ஒரே ரத்தம்தான்.

கடைசியாக ரசீது. ஏழு வருடம் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும் என்பது விதி, கேட்கும்போது காட்ட வேண்டும். எங்கள் பக்கத்துக் கிளினிக்குகளில் கொடுப்பது சூட்டில் அச்சாகும் அந்த வழவழப்புக் காகிதம். தகரக் கூரைக்குக் கீழே, மைலோ டின்னுக்குள், ஒரே வருடத்தில் எழுத்து போய்விடுகிறது. வெள்ளைக் காகிதம் ஒன்றை நீட்டி, "இதுதான்க்கா அந்த 300 வெள்ளி" என்கிறார்கள். எழுத்து நிற்கும் ரசீதிலும், பெரும்பாலும் 'சிகிச்சை' என்று ஒரே சொல்தான். பிடுங்கியதா, அடைத்ததா, கட்டியதா என்று பிரித்து எழுதுவதில்லை. 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களிலிருந்து மின் விலைப்பட்டியல் தொடங்கிப் படிப்படியாகக் கீழே கொண்டுவருகிறீர்கள். அது சுங்கை சிப்புட் கடைத்தெருக் கிளினிக் வரை வரும் நாளில், மருத்துவச் செலவு மட்டுமாவது நேராகப் பாரத்தில் வந்து உட்காரும்படி செய்யுங்கள். அதோடு அந்த விளக்கக் குறிப்பைத் தமிழில் நாலு பக்கம் அச்சிட்டு அனுப்புங்கள். நான் ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம்தான் இருக்கிறது, எனக்குப் பிறகு இந்த மேசையில் யார் உட்காருவார்கள் என்று தெரியவில்லை.

பாய்லர்க்காரர் இப்போது ஆலை கேட்டில் உட்கார்ந்து லாரி எண் எழுதுகிறார். மிச்சமிருக்கும் காலுக்கு அதே செருப்பில் ஒன்றை வாங்கியிருக்கிறார். அதன் ரசீதையும் என்னிடம்தான் கொடுத்து வைத்திருக்கிறார். காட்ட இடமில்லை என்றேன். "இருக்கட்டும்க்கா, சட்டம் மாறுனா எடுத்துக்கலாம்" என்றார். எழுத்து மங்குவதற்குள் நகல் எடுத்து, அம்மாவின் பல் ரசீதோடு சேர்த்து ஒரே கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்துக் கிராணி ஒருத்தி,
சுங்கை சிப்புட், பேராக்